எண்கோணத்துக்குக் கண் வரைந்தவன்

புவெர்த்தோ மோன்ட்டில் மழை
எந்தச் சட்டத்துக்கும் மூத்தது.
கிடங்குத் தகரத்தை அது இரவெல்லாம் தட்ட
நான் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

பெட்டிக்கு மூன்று. சிலவற்றுக்கு நான்கு.
தபால்தலையைவிடச் சற்றுப் பெரிய
கறுப்பு எண்கோணங்கள்:
சர்க்கரை அதிகம். கொழுப்பு அதிகம்.
உப்பு அதிகம். கலோரி அதிகம்.
கடைசியாக ஒரு வெள்ளைப் பட்டை,
ஆர்மடில்லோவின் முகத்துக்கு.
சாண்டியாகோவில் கையெழுத்தான சட்டம்
இங்கே என் நகக்கண்ணில்
பசையாக வந்து முடிகிறது.

அதன் பெயர் தித்தோ.
விண்வெளித் தொப்பி, ஒரு பல் விழுந்த சிரிப்பு.
கண்கள் மட்டும் கீழ்நோக்கி,
இரண்டாம் தட்டிலிருந்து
மூன்றடி மனிதர்களைப் பார்க்கும்படி.
தற்செயல் என்றுதான் நினைத்தேன்,
ஆயிரம் பெட்டி கை மாறும்வரை.

"ஒரு பொம்மைப் படத்தை மறைக்க
ஒரு நாடாளுமன்றம் கூட வேண்டுமா, நோயெலியா?"
ஷிப்ட் பொறுப்பாளர் ஃபெர்மின் கேட்கிறார்.
"பெற்றவளுக்கு வாய் இல்லையா?"

இருக்கிறது.
அந்த வாயால்தான் போன சனிக்கிழமை
ஒரே வரிசையில் பதினோரு முறை
வேண்டாம் என்றேன்.
எண்ணியது நான் அல்ல, எலிசேயோ.
பன்னிரண்டாவதுக்கு அவன் தரையில் படுத்தான்.
தள்ளுவண்டிகள் எங்களைச் சுற்றிப்போயின.
ஒருத்தி குனிந்து
என் காலணியைப் பார்த்துவிட்டுப் போனாள்.

அந்தச் சிரிப்பில்
பல் இருக்கட்டுமா, போகட்டுமா என்று
எத்தனை பேர் ஒரு மதியம் முழுக்க
காப்பி வரவழைத்துப் பேசியிருப்பார்கள்.
அவர்கள் அத்தனை பேருக்கும் எதிரில்
இரவெல்லாம் நின்ற காலோடு
நான் ஒருத்தி.
அதனால் அழுத்தி ஒட்டுகிறேன்.
முனை எழும்பாமல் நகத்தால் தேய்க்கிறேன்.

ஆனாலும் வானொலியில்
சட்டம் வேண்டும் என்பவரும்
வேண்டாம் என்பவரும்
வாய்க்கு வாய் 'தாய்மார்கள்' என்னும்போது
சலித்துப்போகிறது.
ஒருவருக்கு நான் பாவம். மற்றவருக்குச் சோம்பேறி.
இரவு ஷிப்ட் எத்தனை மணிக்கு முடியும் என்று
இருவருமே கேட்கவில்லை.

உண்மையைச் சொன்னால்
சில திங்கட்கிழமைகளில்
தித்தோதான் அவனைப் பார்த்துக்கொண்டது.
பெட்டியை அவன் முன்னால் வைத்துவிட்டு
மேசையிலேயே தலை சாய்த்து
இருபது நிமிடம் தூங்கியிருக்கிறேன்.
அவன் அதனோடு பேசிக்கொண்டிருப்பான்.
அந்த இருபது நிமிடத்தை
எந்தக் கோணத்தில் அச்சடிப்பது?

ஒருநாள் மீந்த ஸ்டிக்கர்கள்
ஏப்ரன் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டன.
தூங்கி எழுந்து பார்த்தால்
குளிர்பெட்டிக் கதவு முழுக்க எண்கோணங்கள்.
ஒவ்வொன்றுக்கும் ஒயிட்னரில் கண்,
எட்டு மூலைக்கும் எட்டுக் கால்.
ஒன்றுக்கு ஒரு பல் இல்லை.

அவன் எழுத்துக்கூட்டத் தொடங்கிய மாதம் அது.
"இவன் சர்க்கரை. இவள் உப்பு.
இது கொழுப்பு, கொஞ்சம் கோபக்காரன்.
கலோரி என்றால் என்னவென்று தெரியாது,
அதனால் அதை ராஜா ஆக்கிவிட்டேன்."

சிரித்தேன்.
பிறகு நெடுநேரம்
காப்பி குடித்த அந்த அறை ஞாபகத்தில் நின்றது.
அவர்களும் ஆறு வயதில்
யார் வீட்டுக் கதவிலாவது
இப்படித்தான் தொடங்கியிருப்பார்களோ.

இன்று சனிக்கிழமை. அதே வரிசை.
தித்தோ இருந்த இடத்தில் என் வெள்ளைப் பட்டை.
எலிசேயோ அதைத் தேடவில்லை.
பெட்டி பெட்டியாகத் திருப்பிப் பார்க்கிறான்.
நான்கு கறுப்பும் உள்ள ஒன்றை
இரண்டு கையாலும் உயர்த்துகிறான்:
"அம்மா, இதில் முழுக் குடும்பமும் இருக்கிறது!"

நான் ஒட்டியதுதான்.
முனை எழும்பவில்லை.

வேண்டாம் என்கிறேன்.

பெட்டியை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு
அவன் ஒரு விரலை மடக்குகிறான்.